அப்பாவின் கையில் பிரிவெனார் 13

போன பெரும்போக வெட்டு முடிந்த கையோடு அப்பா இரண்டாம் தடவையாக வார்ட்டில் படுத்தார். இடம்பெயர்ந்து திரிந்த காலம் போக, மிச்ச வாழ்க்கை முழுக்க இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்தவர். சீனி வருத்தம், பழைய சுருட்டுப் பழக்கம், வெட்டு மெசின் கிளப்பும் தூசி மூன்றும் சேர்ந்தால் சளி நெஞ்சுக்குள் இறங்க வேறு காரணம் தேவையில்லை. துண்டு வெட்டிய அன்று டொக்டர் சொன்னார்: “நியூமோகொக்கஸ் ஊசி ஒன்று இருக்கு. வெளியில காசு கொடுத்துத்தான் போட வேணும்.”

பிரிவெனார் 13 என்ற அந்த ஊசியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நியூமோகொக்கஸ் என்பது நியூமோனியாவைக் கொண்டுவரும் கிருமி. அதன் 13 வகைகளுக்கு எதிரான ஊசி இது. நான் கிளிநொச்சியில் ஏ.எல். உயிரியல் டியூஷன் எடுப்பவள். துண்டுப்பிரசுரத்தைக் கடைசி வரி வரை வாசிக்கும் வியாதி உண்டு.

முதல் முயற்சி சொதப்பல். பக்கத்து நகரத்துப் பாமசி ஒன்றில் சொல்லி வைத்து எடுத்தோம். ஒரு பொலித்தீன் பையில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, நடுவில் ஊசிப் பெட்டியைச் செருகித் தந்தார்கள். பெட்டி நனைந்து பிய்ந்து, ஊசிக்குழாய் ஐஸோடு ஐஸாக ஒட்டிக் கிடந்தது. இந்த மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் எறிய வேண்டியதுதான். இதில் அலுமினியம் பொஸ்பேட் கலந்திருக்கிறது, உறைந்தால் அது கட்டிபட்டு மருந்து கெட்டுவிடும். குலுக்கிப் பார்த்தேன், திரைந்த பால் மாதிரி துணிக்கைகள். “ஒண்டும் செய்யாது, குளிரிலதானே இருக்க வேணும்” என்றார் கவுண்டரில் நின்றவர். வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். காசைத் திருப்பித் தர மூன்று நாள் இழுத்தடித்தார்கள்.

அப்புறம் வவுனியாவுக்கே போய்விட்டோம். ஏ9 வீதியில் மாங்குளம், ஓமந்தை என்று பஸ் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு இருமலை விடக் கோபம் அதிகம். ஆனால் அந்தச் சின்ன கிளினிக்கில் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். பிரிட்ஜ் கதவில் வெப்பமானி, பக்கத்தில் காலை மாலை அளவு குறித்த கொப்பி. கரண்ட் போனால் மாற்றி வைக்க ரிஜிபோம் பெட்டியும் தயாராக இருந்தது. தாதி ஊசிக்குழாயை எடுத்தபோது அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முழுதும் ஒரே வெள்ளையாகும் வரை நிதானமாகக் குலுக்கினார்.

“என்ன பிள்ளை, பால் மாதிரிக் கிடக்கு?”

“பால்தான் ஐயா, சட்டைக் கையை மேல ஏத்துங்கோ.”

அரை மில்லிலீற்றர். தோள் தசையில் ஒரே குத்து. அன்று இரவு இலேசான காய்ச்சல், பனடோலோடு போனது. கை இரண்டு நாள் நொந்தது. மண்வெட்டி பிடிக்க முடியவில்லை என்று அவர் சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை.

சரி, கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது? டியூஷனில் கிரிபித்தின் 1928 ஆம் ஆண்டு எலிப் பரிசோதனையைச் சொல்லும்போது இந்தக் கிருமிதான் வரும். சர்க்கரைப் போர்வை போர்த்த வழவழப்பான வகைக் கிருமி எலியைக் கொல்லும். போர்வை இல்லாத கரடுமுரடான வகை கொல்லாது. இன்றைக்கு விற்கும் நியூமோகொக்கஸ் ஊசிகள் எல்லாம் அந்தப் போர்வையைத்தான் உடம்புக்குக் காட்டிக் கொடுக்கின்றன. வெறும் சர்க்கரையைக் காட்டினால் குழந்தைகளின் உடம்பு சட்டை செய்யாது. அதனால் பிரிவெனாரில் சி.ஆர்.எம். 197 என்ற, நஞ்சு நீங்கிய தொண்டைக்கரப்பான் புரதத்தில் அதை ஒட்டியிருக்கிறார்கள். பிரசுரத்தில் ஒவ்வொரு வகையும் 2.2 மைக்ரோகிராம், 6பி என்ற வகை மட்டும் 4.4 என்று வரிசையாக இருக்கிறது.

குறை எங்கே என்றால் அந்த 13 இல்தான். இந்தக் கிருமிக்குப் போர்வைகள் நூறு வரை உண்டு. முந்தின 7 வகை ஊசி 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வந்தபிறகு, அதில் இல்லாத 19ஏ என்ற வகை மேலே வந்தது. அதைச் சேர்த்துத்தான் 13 ஆக்கினார்கள். இப்போது 20, 21 வரை போய்விட்டார்கள். எலி வளையை ஒவ்வொன்றாக அடைக்கிற வேலை. நெதர்லாந்தில் 65 வயதைத் தாண்டிய 84,000க்கும் மேற்பட்டவர்களிடம் இந்த 13ஐச் சோதித்தார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நியூமோனியா ஏறத்தாழ 46 வீதம் குறைந்தது, இரத்தத்தில் கலக்கும் கடுமையான தொற்று 75 வீதம். எல்லா நியூமோனியாவையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பாவுக்கு இனிச் சளியே பிடிக்காது என்று நினைத்து வாங்காதீர்கள்.

எனக்கு ஆசை, போர்வையை விட்டுவிட்டு, எல்லா வகையிலும் பொதுவாக இருக்கும் புரதத்தைக் காட்டும் ஊசி ஒன்று வர வேண்டும் என்பது. நியூமோலைசின் என்ற நஞ்சு அநேகமாக எல்லா வகையிடமும் உண்டு. மேற்பரப்பில் பி.எச்.டி.டி., பி.எஸ்.பி.ஏ. என்று வேறு புரதங்களும் உண்டு. முயற்சி நடக்காமல் இல்லை. காம்பியாவில் குழந்தைகளுக்கு நியூமோலைசினையும் பி.எச்.டி.டி.யையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். மூக்கில் கிருமி தங்குவது அதனால் மேலதிகமாகக் குறையவில்லை. கக்குவானில் இந்த வழி பலித்தது: 1981 முதல் ஜப்பானில், கொன்ற முழுக் கிருமிக்குப் பதில் சுத்திகரித்த புரதங்களைப் போட்டார்கள். காய்ச்சலும் வீக்கமும் குறைந்தன. ஆனால் பாதுகாப்பும் சீக்கிரம் தேய்கிறது. எங்கள் கிளினிக்கில் 2, 4, 6 மாதத்தில் போடும் ஐந்து நோய் ஊசியில் இன்னும் முழுக் கிருமிதான். தங்கச்சியின் மகன் ஊசி போட்ட இரவெல்லாம் அழுததை ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

ஊசிக்கு ஐந்தில் நாலு. கிளினிக்குக்கு ஐந்தும். பாமசிக்கு ஒன்றும் இல்லை.

ஒரு வருடம் கழித்து 23 வகை ஊசியும் போடச் சொல்லியிருக்கிறார் டொக்டர். அதில் சர்க்கரை மட்டும்தான், புரதம் இல்லை. கலண்டரில் நாளைக் குறிக்கும்போது அப்பா கேட்டார்: “அதுவும் பால் மாதிரியோ?”

“இல்லை அப்பா. அது தண்ணி மாதிரி.”

“அப்ப விலையும் குறைவோ?”