ஆழம் தெரியாம காலை விடறதும் மண் குதிரையை நம்பறதும் ஒண்ணா?

ரெண்டுமே ஜாக்கிரதையா இருன்னு தான் சொல்லுது, ரெண்டுலயும் தண்ணி வேற வருது, அதனால நிறைய பேர் மாத்தி மாத்தி யூஸ் பண்றாங்க, ஆனா எச்சரிக்கை வேற வேற.

"ஆழம் தெரியாம காலை விடாதே" நமக்கு விவரம் தெரியாததை பத்தினது. படிக்காம கையெழுத்து போடறது, புரியாத பிசினஸ்ல பணம் போடறது, முழுசா தெரியாம அடுத்தவங்க சண்டைல நடுவுல போறது, எல்லாத்துக்கும் பொருந்தும். எனக்கு இது தான் ரொம்ப பிடிக்கும், ஏன்னா இறங்கவே இறங்காதேன்னு சொல்லல, ஆழம் பாத்துட்டு இறங்குன்னு தான் சொல்லுது.

"மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்காதே" அப்படி இல்லங்க. ஆழம் நல்லாவே தெரிஞ்சிருந்தாலும் நம்ம நம்புன ஆளு பாதில கரைஞ்சு போயிடுவாங்கறது தான் பாயிண்ட். (குதிரை இல்ல 'குதிர்', ஆத்து நடுவுல இருக்கற மணல் மேடுன்னு ஒரு விளக்கமும் உண்டு, எப்படி எடுத்தாலும் அர்த்தம் மாறல.)

வட்டி எவ்வளவுன்னே கேக்காம ஒருத்தர் லோன் எடுத்தா முதல் பழமொழிய சொல்லுங்க, வட்டியெல்லாம் தெரியும் ஆனா ஃப்ரெண்டு கட்டிடுவான்னு நம்பி எடுத்தா ரெண்டாவது.