நாயோடு மலையேற: லிப்டன் சீட்டா, லிட்டில் அடம்ஸ் பீக்கா?

இலங்கை மலையகத்தில் நாயோடு மலையேற நினைத்தால், ஹோர்ட்டன் சமவெளியை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 1988இல் தேசியப் பூங்காவான இடம். வளர்ப்பு நாய்க்கு அனுமதி கிடையாது. மரையை (பெரிய காட்டு மான்) கண்டு நாய் துரத்துவது ஒரு பக்கம், நாயின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றுவது இன்னொரு பக்கம். அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துவிட்டு வரும்வரை நாயை வாகனத்துக்குள் பூட்டி வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். வெளியே குளிர்தான், ஆனால் வெயில் பட்டால் மூடிய வாகனத்துக்குள் சூடு வேகமாக ஏறும்.

மிச்சம் இரண்டு. எல்லவில் உள்ள லிட்டில் அடம்ஸ் பீக் 1,141 மீற்றர்தான். டவுனிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடலாம். வயசான நாய்க்கும் சின்ன நாய்க்கும் தூரம் சரி. ஆனால் கடைசிப் படிக்கட்டில் சனம் நெருக்கும். முதல் உச்சியைத் தாண்டினால் ஒடுங்கிய மண்பாதை, பக்கத்தில் செங்குத்துச் சரிவு, வேலி இல்லை. நாயோடு போனால் முதல் உச்சியோடு திரும்புங்கள்.

ஹப்புத்தளைப் பக்கம் லிப்டன் சீட் வேறு மாதிரி. டம்பேதன்ன தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர், தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் ரோடு. நல்ல உடல்வாகுள்ள நாய்க்கு இதுவே சிறந்தது. திரும்பி வர இன்னொரு 7 இருக்கிறது, அதை மறந்து ஏறுபவர்கள்தான் அதிகம். போகும்போதே நாய் பின்தங்கினால் இறங்கும்போது ஆட்டோ பிடியுங்கள். வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள்: இருட்டில் சிறுத்தை பயம், பிந்தினால் உச்சியை மூடுபனி மறைத்துவிடும், ரோடும் பாதத்தைச் சுடும்.

லயன்களை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கடக்கையில் அங்குள்ள நாய்கள் கூட்டமாக வரும். வாரைக் குட்டையாகப் பிடித்து, நிற்காமல் நடங்கள். கொழுந்து பறிக்கிற ஆட்கள் பக்கம் அவிழ்த்துவிடவே கூடாது. ஒன்றரை மீற்றர் சாதாரண வாரும் மார்புப்பட்டியும் போதும். நீண்டு சுருங்கும் வார் தேயிலைச் செடியில் சுற்றிக்கொள்ளும்.

நாயைத் தேயிலைச் செடிக்குள் இறங்கவிடாதீர்கள். காரணம் பல. கவ்வாத்து வெட்டிய மலையில் ஈட்டி மாதிரி நிற்கும் குச்சிகள் கண்ணையும் பாதத்தையும் குத்தும். செடி மறைவில் கான் (வடிகால் பள்ளம்) இருப்பது தெரியாமல் நாய் விழும். மருந்தடித்த புல்லை நக்கும். எல்லாவற்றிலும் மோசம், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி, பிறகு செத்ததும் அதில்தான். நாய் மாட்டினால் வெளியே இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். கம்பி கட்டியிருக்கும் பக்கமாகவே நாயைத் தள்ளித் தளர்த்துங்கள். வலியில் சொந்தக்காரரையே கடிக்கும். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சின்னக் கம்பிவெட்டி பையில் இருப்பது நல்லது.

தண்ணீர் 20 கிலோ நாய்க்கு லிப்டன் சீட் என்றால் ஒரு லீற்றருக்குக் குறையாமல், எல்லவுக்கு அதில் பாதி. ஓடைத்தண்ணீர் வேண்டாம்: எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மூக்குக்குள் அட்டையும் புகும். நடந்த சில நாளில் விடாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

மழை நாளில் விரலிடுக்கு, காதுமடல், உதட்டு ஓரம் பாருங்கள். கடித்த அட்டையைப் பிய்க்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் விடும். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும். துணியால் அழுத்தினால் போதும்.