மூன்று மாரி கண்ட முதிரைப் பிடிக் கத்தி

வன்னிக் கம்மாலை ஒன்றில் லொறி வில்லுத்தகட்டைக் காய்ச்சி அடித்த கத்தி இது. அலகு 7 அங்குலம் நீளம், 30 மில்லிமீற்றர் அகலம். முதுகு பிடியடியில் 4 மில்லிமீற்றர், நுனிக்குப் போகப் போக 2. சுத்தியல் தழும்புகளை மேற்பாதியில் அப்படியே விட்டிருக்கிறார்கள். பிடி முதிரை மரம், பிடியின் முகப்பில் பித்தளைப் பூண். அலகின் வால் பிடிக்குள் 9 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது. ஆணி கிடையாது, அரக்குப் பிடிமானம்தான். அலுமாரியில் வைக்க வாங்கும் சாமான் என்றாலும் இறைச்சிக்கும் மரவள்ளிக்கும் மூன்று வருசமாகப் பாவனையில் இருக்கிறது.

அலகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வில்லுத்தகட்டில் 0.6 வீதமளவு கரி இருப்பதால் எண்ணெயில் தோய்த்தாலே போதிய கடினம் வரும். தண்ணீரில் தோய்த்தால் வெட்டும் வாயோரம் மயிரிழையாய் வெடிக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. வாங்கும்போதே மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, மேலே சோக்குக் கட்டியைத் தேய்த்துச் சற்று நேரம் விடுங்கள். வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் ஈரக்கோடு எழும்பும். அப்படிப்பட்ட கத்தியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

தொல்லை முழுக்கப் பிடியடியில். சோழகக் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் முதிரை கூடச் சுருங்கி, பூணுக்கும் மரத்துக்கும் இடையில் கடதாசி நுழைகிற அளவு நீக்கல் விழும். ஐப்பசி மழையோடு மரம் ஊதி அது தானாக மூடிவிடும். மூடியதும் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் பிழை. கழுவும்போது உள்ளே போன தண்ணீர் அங்கேயே அடைபட்டு வாலைக் கறள் தின்னும். பூண் ஓரத்தில் தவிட்டு நிறக் கசிவு கண்டால் பிடியைக் கழற்ற நேரம் வந்துவிட்டது.

கழற்ற நெருப்பு தேவையில்லை. அலகைப் பூண் வரைக்கும் கொதிநீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் சூடு வால் வழியே ஏறி அரக்கு இளகும். வாயைத் தடித்த துணியால் சுற்றிக்கொண்டு ஆட்டி இழுக்க வேண்டும். கொதிநீர்ச் சூடு அலகின் பதத்தைக் கெடுக்காது. வாலில் உள்ள கறளை அரத்தால் வழித்து, துளையைச் சுரண்டி, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு இரண்டு பங்கு கொம்பரக்குத் தூளோடு ஒரு பங்கு அரித்த செங்கல் தூள் கலந்து துளையில் முக்கால்வாசி நிரப்ப வேண்டும். அலகை ஈரத்துணியால் சுற்றி, வாலை மட்டும் அரக்கு உருகும் அளவுக்குச் சூடாக்கி இறக்குங்கள். சிவக்க விடக்கூடாது. நேர் பார்க்கக் கிடைப்பது ஒரு நிமிசம்கூட இல்லை, இறுகினால் திரும்பவும் கொதிநீர்தான். இதே அரக்கு காரணமாக, கத்தியை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுப் போகாதீர்கள்.

முதிரைக்கு வருசம் இரண்டு முறை லின்சீட் எண்ணெய் போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம், விரித்துக் காயப்போடுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடி கொடுக்கும், ஆகவே தேய்க்கும்போது கையையும் மூக்கையும் மூடிக்கொள்வது நல்லது. பாலை மரப் பிடி கேட்பவர்களும் உண்டு. பாரம் கூட, நன்றாகக் காயாத பாலை பிளக்கும்.

தீட்ட 1000 இலக்கக் கல். முதுகைக் கல்லிலிருந்து 10 மில்லிமீற்றர் உயர்த்திப் பிடித்தால் இந்த அகலத்துக்கு 20 பாகை வரும். கிரைண்டரில் கொடுத்து வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. மாங்காய் வெட்டி அலகு கறுத்தால் பயப்பட வேண்டாம், கறுப்பு இருக்கட்டும், சிவப்பைத்தான் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறல் மணம் எடுக்கும். தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி பூசி வையுங்கள், வெட்டமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

கூட வந்த தோல் உறை பார்வைக்கு மட்டும்தான். மாரியில் அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், ஒரு கிழமைக்குள் அலகில் புள்ளி புள்ளியாய்க் கறள். வேப்பம் பலகையில் உறை செய்வித்தால் செலவும் குறைவு.