நாட்டு ஓட்டுக் கூரையைக் காற்றுக்குக் கட்டினோம்: ஏழு கோடைக்குப் பிறகு

2018 மே மாதம் ஒரு சாயங்காலம், இருபது நிமிடக் காற்றில் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து நானூறு ஓட்டுக்கு மேல் போனது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம், தாத்தா கட்டிய வீடு. மண் சுவர், பனங்கை (சரிவாகப் போடும் பனைமரச் சட்டம்), அதன் மேல் வரிச்சு (குறுக்குச் சட்டம்), அதற்கு மேல் நாட்டு ஓடு. பாதிக் குழாய் போல வளைந்த ஓட்டை ஒரு வரிசை மல்லாத்தி வைத்து, அதன் விளிம்புகளை மூடும்படி அடுத்த வரிசையைக் கவிழ்த்து அடுக்குவார்கள். ஆணி இல்லை, கம்பி இல்லை. ஓட்டின் கனமே அதற்குப் பிடிமானம். வில்லை ஓட்டுக்காவது அடியில் குமிழ் மாதிரி ஒன்று இருக்கும், சட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். நாட்டு ஓட்டுக்கு அதுவும் கிடையாது.

"இடிச்சுட்டு தளம் போட்டுடு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் எங்கள் பக்கத்துக் கான்கிரீட் வீட்டில் மதியம் படுத்துப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் கேட்கவில்லை என்று புரியும். அம்மாவும் சம்மதிக்கவில்லை. சரி, இருக்கிற கூரையையே காற்றுக்குத் தாங்கும்படி செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். செய்ததில் எது நின்றது, எது வீண் என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். ஓடு வேய வந்த பெரியவருக்கு அப்போதே எழுபது வயது இருக்கும். ஏணி போடுவதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நடுவுல ஒண்ணும் ஆவல பாருங்க தம்பி. போனதெல்லாம் ஓரம்" என்றார். உண்மைதான். மேற்குத் தாழ்வாரத்தின் கடைசி மூன்று வரிசை, முகடு, தெற்கு முக்கோணச் சுவரை ஒட்டிய மூலை. இந்த மூன்று இடத்தில்தான் சேதம். கூரையின் வயிற்றுப் பகுதி அப்படியே கிடந்தது. அவருக்கு ஐம்பது வருட அனுபவம். நான் பிறகு படித்த பொறியியல் விவரமும் அதையேதான் சொன்னது.

காற்று ஓட்டைத் தள்ளிவிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது தூக்குகிறது. கூரை மேல் ஏறி வேகமாகப் போகும் காற்று ஓட்டை மேல்நோக்கி உறிஞ்சும். அந்த உறிஞ்சல் விளிம்பிலும் மூலையிலும் முகட்டிலும்தான் மிக அதிகம். கவிழ்த்த ஓட்டின் வாய் தாழ்வாரத்தில் திறந்து கிடப்பதால், காற்று அதற்குள்ளும் புகுந்து அடியிலிருந்து நெம்பும். வீட்டுக் கதவு திறந்திருந்தால் உள்ளே நிறைகிற காற்றும் அதே திசையில் சேர்ந்துகொள்ளும். அன்று எங்கள் மேற்குக் கதவு, அதாவது மாட்டுக் கொட்டகைப் பக்கக் கதவு, அகலத் திறந்து கிடந்தது. கன்றுக்குட்டியை உள்ளே ஓட்டி வர நான்தான் திறந்தேன்.

கணக்கும் சின்னதுதான். நம் நாட்டுக் காற்றுச் சுமை விதியான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. நொடிக்கு எத்தனை மீட்டர் வேகமோ, அதை அதாலேயே பெருக்கி 0.6-ஆல் பெருக்க வேண்டும். வருவது நியூட்டன் கணக்கு, 9.8-ஆல் வகுத்தால் கிலோ. மணிக்கு 80 கிலோமீட்டர் காற்றுக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 30 கிலோ வரும். 120 கிலோமீட்டருக்குச் சுமார் 68 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, அழுத்தம் இரண்டே கால் மடங்கு. மூலையில் இதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். 'கனமான ஓடு, அசையாது' என்ற நம்பிக்கை எந்த இடத்தில் கைவிடும் என்பது இதைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கடற்கரைப் புயல் இவ்வளவு தூரம் அதே பலத்தோடு வராது. எங்களுக்கு ஆபத்து சித்திரை, வைகாசியில்தான். மதியம் வரை கொளுத்திவிட்டு, நான்கு மணிக்கு மேற்கே கறுத்து, மழைக்கு முன்னால் ஒரு சூறைக்காற்று இறங்கும். மாங்காய் அறுவடை சமயம் வேறு. தோட்டம் வைத்திருப்பவர்கள் வானத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் நேரம் அது. கால்மணி, அரைமணிதான் அடிக்கும். ஆனால் திசை மாறி மாறி அடிக்கும்.

புயலுக்காகவே வளைவு ஓட்டைக் கட்டுகிற ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவின் புளோரிடா. அங்கே இந்தப் பாதிக் குழாய் ஓடு பணக்கார வீடுகளின் அலங்காரம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்குப் புளோரிடாவைப் புரட்டிப் போட்டபோது, சாந்து வைத்துப் பதித்த ஓடுகள் ஏராளமாகப் பெயர்ந்தன. பறந்த ஓடு பக்கத்து வீட்டு ஓட்டையும் சன்னலையும் உடைத்தது. பிறகு விதிகள் இறுகின. மாநிலம் முழுமைக்குமான கட்டட விதி 2002-இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்குரூ, கிளிப், கம்பி, நுரைப் பசை என்று பல வழிகள் வந்தன. 2004-இல் சார்லி புயல் வந்தபோது, வெறும் சாந்தில் உட்கார்ந்திருந்த முகட்டு ஓடுகள் மறுபடி நிறையப் போயின. அதனால் முகட்டுக்குள் சட்டம் வைத்து ஓட்டை அதோடு ஸ்குரூவில் பிணைக்கச் சொல்கிறார்கள். அங்கே ஓட்டுக்கு அடியில் பலகையும் நீர்த்தடுப்பு விரிப்பும் இருக்கும். நமக்கு வரிச்சும் வானமும்தான். அதனால் அப்படியே எடுக்க முடியாது. ஆனால் இரண்டு பாடம் எடுத்துக்கொண்டேன்: சாந்தை மட்டும் நம்பாதே, ஓரத்தை விடாதே.

இனி செய்த வேலை.

ஓட்டுக்கு முன்னால் கூரையையே சுவரோடு கட்டினோம். ஓட்டை மட்டும் இறுக்கிப் பிணைத்துவிட்டு, பனங்கை சும்மா சுவர் மேல் உட்கார்ந்திருந்தால், காற்று மொத்தக் கூரையையும் தூக்கப் பார்க்கும். பக்கத்து வீட்டுத் தகரச் சீட்டு சட்டத்தோடு கிளம்பி எங்கள் புளிய மரத்தில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். சுவரின் மேல் விளிம்பிலிருந்து மூன்றடி கீழே துளை போட்டு, குறுக்கே ஒரு கம்பி செருகி, அதிலிருந்து ஒரு அங்குலப் பட்டை இரும்பை மேலே கொண்டுபோய்ப் பனங்கையைச் சுற்றி வளைத்து முடுக்கினோம். பனங்கையில் துளை போட வேண்டாம், வெடிப்பு விடும் என்று பெரியவர் தடுத்தார். இரண்டு பனங்கை விட்டு ஒரு பனங்கைக்கு இப்படி. மூன்றடி மண் சுவரின் கனம் முழுவதும் இப்போது கூரைக்கு நங்கூரம். ஏழு வருடத்தில் இரண்டு இடத்தில் மட்டும் முடுக்கு தளர்ந்தது. துரு பிடிக்காமல் இருக்க வருடம் ஒரு தடவை ரெட் ஆக்சைடு அடிக்கிறேன். காசுக்குத் தகுந்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது கம்பி. தாழ்வாரத்தில் கீழ் மூன்று வரிசை, இரண்டு முக்கோணச் சுவரை ஒட்டியும் மூன்று மூன்று வரிசை, அப்புறம் முகடு முழுவதும். இவ்வளவுக்குத்தான் கம்பி கட்டினோம். நடுக்கூரையைத் தொடவே இல்லை. ஓட்டின் மேல் நுனியில் துளை போட வேண்டும். முதல் நாள் ட்ரில் மெஷினைச் சுத்தியல் முறையில் வைத்து ஓட்டி, பத்து ஓட்டில் நான்கை உடைத்தேன். அப்புறம் ஓட்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடிக்கிற முறையை நிறுத்தி, மெதுவாகச் சுழலவிட்டபோது உடைவது அபூர்வமானது. துளை வழியாகக் கம்பியை விட்டு வரிச்சில் இரண்டு முறுக்கு. ரொம்ப இறுக்கக் கூடாது. வெயிலுக்கு மரம் வேலை செய்யும், ஓடும் கொஞ்சம் அசைய வேண்டும். விறைப்பாகக் கட்டியவை துளையிலேயே கீறல் விட்டன.

கம்பியில்தான் நான் ஏமாந்தேன். கையில் இருந்தது சென்ட்ரிங் வேலைக்கான கறுப்புக் கட்டுக்கம்பி. மூன்றாவது மழைக்காலத்தில் விரலால் தொட்டாலே உதிர்ந்தது. மேற்குப் பக்கம் முழுவதையும் 2021-இல் பிரித்து, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பிக்கு மாற்றினேன், கூலி இரண்டு தடவை. முகட்டுக்கு மட்டும் மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடைக்கு வாங்கிய பழைய தாமிரக் கம்பி போட்டிருந்தேன். அது இன்றைக்கும் கட்டியபடியே இருக்கிறது, பச்சை பூத்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி செய்தால் எல்லா இடத்துக்கும் தாமிரம்தான்.

தாழ்வாரத்தில் ஓட்டின் வாயைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்தோம். காற்று உள்ளே புகாமலிருக்க இது அவசியம், குளவியும் வருவதில்லை. அம்மாவுக்குத்தான் வருத்தம், சிட்டுக்குருவி கூடு கட்டுகிற இடம் அது. வடக்குப் பக்கம் நான்கு வாயைத் திறந்தே விட்டு, அந்த ஓடுகளுக்கு இரட்டைக் கம்பி போட்டேன். குருவி வருகிறது.

கொத்தனார் ஒருவர் பேச்சைக் கேட்டுத் தெற்கு ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலவை பூசினோம். இந்த வேலைகளிலேயே மோசமான முடிவு அதுதான். ஒரு கோடையில் மயிரிழை விரிசல். அடுத்த மழையில் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி வரிச்சு உளுத்தது. உடைந்த ஓட்டை மாற்றலாம் என்று போனால் சிமெண்ட் பக்கத்து இரண்டு ஓட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. நாட்டு ஓட்டின் வசதியே ஒன்றை உருவி ஒன்றைச் செருகுவதுதான். சிமெண்ட் அதைக் கெடுத்துவிடும். 2022-இல் உளி வைத்துச் சுரண்டி எடுத்தோம். உடைந்தது மட்டும் எழுபது ஓடு.

நுரைப் பசையும் பரீட்சித்தேன். கதவு நிலை அடைக்கக் கடையில் விற்கும் டப்பா, இரண்டு வாங்கினேன். ஓட்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தில் இன்னும் பிடித்திருக்கிறது. வெளியே பிதுங்கிய பகுதி மஞ்சளாகி, பொரி மாதிரி உதிர்ந்துவிட்டது. புளோரிடாவில் பயன்படுத்துவது கூரைக்கென்றே தயாரிக்கும் வேறு சரக்கு. டப்பாவில் வருவதை அதோடு ஒப்பிடுவது நியாயம் இல்லை. கம்பிக்கு இது மாற்று ஆகாது.

எதிர்பாராத லாபம் குரங்கு விஷயத்தில். காப்புக்காட்டிலிருந்து வரும் கூட்டம் முன்பெல்லாம் தாழ்வார ஓட்டைப் பிடித்து இழுத்துக் கீழே போடும். இப்போது இழுத்துப் பார்க்கிறது, வரவில்லை, பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இதில் என் மேல் கொஞ்சம் கோபம். நடுக்கூரையில் குதித்து உடைப்பதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சூறைக்காற்று இந்த ஏழு வருடத்தில் பல தடவை அடித்துவிட்டது. நான் எழுதி வைத்த கணக்குப்படி மொத்தம் முப்பத்தொரு ஓடு போயிருக்கிறது, அதில் பத்தொன்பது கம்பி இற்றுப்போன 2020-21 காலத்தில். 2018-இல் ஒரே நாளில் நானூறு. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலின் மழை, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, பஸ் நிலையத்துப் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. எங்களுக்கும் விடிய விடிய மழை. அன்று காற்று பெரிதாக இல்லை, ஆனால் கூரைக்கு அது தண்ணீர்ப் பரீட்சை. சிமெண்ட் எடுத்துச் சுண்ணாம்பு வைத்த தெற்குப் பக்கம் ஒழுகவில்லை. முகட்டில் ஒரே இடத்தில் ஒழுகியது, ஒரு வாளி வைத்தோம். இதற்கு மேல் அடித்தால், 120 கிலோமீட்டருக்கு நிற்குமா என்றால் நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

செலவு: 2018-இல் கூலி, பட்டை இரும்பு, கம்பி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். கம்பி மாற்றவும் சிமெண்ட் சுரண்டவும் பிறகு 17,000. முதலிலேயே நல்ல கம்பி போட்டு, சிமெண்ட்டைத் தொடாமல் இருந்திருந்தால் இந்தப் பதினேழு மிச்சம். பனங்கையோ வரிச்சோ உளுத்திருக்கிற வீட்டுக்கு இது எதுவும் வேண்டாம், முதலில் மரத்தை மாற்றுங்கள். உளுத்த வரிச்சில் கட்டிய கம்பி, வரிச்சையும் கூட்டிக்கொண்டு பறக்கும்.

பெரிய சிக்கல் ஆளும் ஓடும்தான். பெரியவர் இப்போது ஏணி ஏறுவதில்லை. கீழே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் செய்கிறேன். புது நாட்டு ஓடு எங்கள் பக்கம் கிடைப்பதில்லை. இடிக்கிற வீடுகளில் சொல்லி வைத்து வாங்கி, கொட்டகைக்குப் பின்னால் முந்நூறு ஓடு அடுக்கி வைத்திருக்கிறேன். வேண்டும்போது எடுக்கையில் தேள் பார்த்து எடுக்க வேண்டும். மேற்கே கறுத்தால் அம்மா முதலில் போய்ச் சாத்துவது கொட்டகைப் பக்கக் கதவைத்தான். கன்று வெளியே இருந்தாலும் நனையட்டும் என்கிறாள்.