மூன்றோடு மெலியும் கோதும் பத்தைத் தாண்டும் கோதும்

கனடாவின் எட்மண்டனில் இருக்கும் அத்தான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். .303 துப்பாக்கி ரவையின் பித்தளைக் கோதுகள் இரண்டை நீளவாக்கில் அறுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்திருந்தார். ஒன்று ஒரே முறை சுட்டது. அதன் சுவர் அடியிலிருந்து வாய்வரை சீராக மெலிந்து போகிறது. மற்றது நான்கு முறை சுட்டது. அடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மேலே, உட்புறத்தில், நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறது. அந்த இடத்தில் பித்தளை காகிதமாகிவிட்டது. இன்னும் ஓரிரு முறை சுட்டிருந்தால் அடி மட்டும் கழன்று வெளியே வந்திருக்கும், மீதிக் குழல் துப்பாக்கிக்குள்ளேயே சிக்கியிருக்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது வேடிக்கைதான். இங்கே உரிமம் இல்லாமல் ரவை வைத்திருந்தாலே வழக்கு. அறுத்த கோதுகளைப் பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார் அத்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று யார் விளக்கம் சொல்வது என்று நான்தான் தடுத்தேன். ஆனால் கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் சுட்ட கோதுக்குப் புதுப் பிரைமர் (அடியில் தீ மூட்டும் சிறு மூடி), புது வெடிமருந்து, புதுக் குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துவது சாதாரணம். எத்தனை முறை தாங்கும் என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. .303க்கு ஒரு கணக்கு, .308 வின்செஸ்டர் என்ற இன்னொரு ரவை வகைக்கு வேறு கணக்கு.

.303 பிரித்தானியரின் 1880களின் பிறவி. கனேடியப் படையின் ஒரு பிரிவான ரேஞ்சர்கள் 1947 முதல் அண்மைக் காலம் வரை அதைச் சுடும் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியைத்தான் தோளில் சுமந்தார்கள். இந்தக் கோது அடியிலுள்ள தடித்த விளிம்பைப் பிடித்தே துப்பாக்கியில் நிற்கிறது. உடல் கழுத்தாகக் குறுகும் தோள் பக்கம் எங்கே முட்டுகிறது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சேற்றிலும் புழுதியிலும் ரவை உள்ளே போக வேண்டும் என்று படைத்துப்பாக்கியில் ரவை உட்காரும் அறையைத் தாராளமாகவே குடைந்தார்கள். சுடும்போது மெல்லிய முன்சுவர் அறையோடு ஒட்டிக்கொள்கிறது, அடியை அழுத்தம் பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபடுகிறது. லீ-என்ஃபீல்டின் அறையைப் பின்னாலிருந்து மூடும் தாழான போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்வதால் அதுவும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

இனி முக்கியமான இடம். சுட்ட கோதை முழு நீளத்துக்கும் எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், தோள் மறுபடி கீழே இறங்கும். அடுத்த வெடியில் மறுபடி மேலே ஏறும். அத்தானின் அனுபவத்தில் அப்படிச் செய்தவை மூன்று, நான்கு முறையோடு சரி. கழுத்தை மட்டும் அழுத்தினால், கோது அந்தத் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருந்துவிடுகிறது. இழுபட இடமே இல்லை, பத்து முறையையும் தாண்டுகிறது. புதுக் கோதை முதல் தடவை சுடும்போது விளிம்புக்கு முன்னால் ஒரு சிறிய ரப்பர் வளையம் மாட்டி, அடியைப் போல்ட்டோடு ஒட்ட வைக்கும் தந்திரமும் உண்டு. முதல் இழுவைதான் மோசமானது என்பதால் அது வீண் வேலை அல்ல. குறை ஒன்று: தம்பியின் துப்பாக்கிக்கு அந்தச் சட்டை பொருந்தாது.

.308 விளிம்பில் நிற்பதில்லை, தோளில் நிற்கிறது. ஆகவே முழு நீளம் அழுத்தினாலும், அச்சைச் சரியாகத் திருகித் தோளை 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் இறக்கினால் போதும். சுவர் நெடுநாள் பிழைக்கும். ஆனால் .303இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 49,000 இறாத்தல் என்றால், .308க்கு 62,000. மருந்தைத் தாராளமாகக் கொட்டுகிறவர்களுக்குச் சுவருக்கு முன்பே பிரைமர் குழி அகன்றுவிடும். விரலால் அழுத்தினாலே பிரைமர் உள்ளே போனால் அந்தக் கோதின் ஆயுள் முடிந்தது. அளவோடு சுடுகிறவருக்குப் பத்து, பதினைந்து முறை பெரிய காரியமில்லை.

இரண்டுக்கும் பொதுவான நோய் கழுத்து வெடிப்பு. செட்டியார் தெரு நகைப் பட்டறையில் பத்தர் துளைத் தகட்டில் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நாலு துளை இழுத்ததும் கம்பி விறைத்துவிடும், நெருப்பில் காட்டி இளக்கினால்தான் அடுத்த துளைக்கு இணங்கும். கோதின் கழுத்தும் அப்படித்தான் விரிந்து சுருங்கி விறைக்கிறது. மூன்று நான்கு முறைக்கு ஒருதடவை கழுத்தையும் தோளையும் மட்டும் சூடுகாட்டினால் வெடிப்பு வெகுவாகத் தள்ளிப்போகும். தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் கோதை நிறுத்திச் சூடுகாட்டுவது பழைய முறை. அடி இளகினால் அந்தக் கோது ஆபத்து, எறிந்துவிட வேண்டும்.

விலை உயர்ந்த கம்பெனிக் கோது கூடுதலாகத் தாங்குமா? கொஞ்சம் தாங்கும். தவறாக அழுத்துகிறவர் கையில் அதுவும் நாலோடு போகும்.

கோதைத் துலக்கும் விஷயத்தில் நம் சமையலறை பரவாயில்லை. அங்கே சிட்ரிக் அமிலம் போடுகிறார்கள், நாம் குத்துவிளக்குக்குப் புளி போடுகிறோம், இரண்டும் ஒரே புளிப்பு. இரவு முழுக்க ஊறவைத்தால் பித்தளையிலுள்ள நாகம் (துத்தநாகம்) கரைந்து செம்பு மேலே வந்து விளக்கு சிவக்கும், எங்கள் வீட்டில் ஒன்று அப்படியே நிற்கிறது. அமோனியா கலந்த பிராஸோ விளக்குக்குச் சரி, கோதுக்கு வேண்டாம். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த ரவைகளின் கோதுகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவாயிற்று.

அத்தான் இப்போது .303க்குக் கழுத்து மட்டும் அழுத்தும் அச்சு வாங்கிவிட்டார். காகிதக் கிளிப் ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து, ஒவ்வொரு கோதுக்குள்ளும் விட்டு அடியிலிருந்து மேலே வருடிப் பார்க்கிறாராம். நுனி எங்காவது தடக்கினால் அந்த ஒன்றை மட்டுமல்ல, அதே எண்ணிக்கை சுட்ட அந்தப் பெட்டி முழுவதையும் பழைய பித்தளைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்.