சேவ் பண்ண செஷன் எங்க போய் உக்காருது? புட்டி, மோபாஎக்ஸ்டெர்ம், செக்யூர்சிஆர்டி, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஒரு அலசல்

போன மாசம் ஆஃபீஸ்ல லேப்டாப் மாத்திக் குடுத்தாங்க. பழசுல இருந்த டி டிரைவ் மொத்தத்தையும் காப்பி பண்ணிட்டேன், எஸ்எஸ்ஹெச்ங்கற பாதுகாப்பான வழில தூரத்து சர்வருக்குள்ள போக வச்சிருக்கற புட்டியும் அந்த ஃபோல்டர்லதான இருக்குன்னு நிம்மதியா மெஷினை திருப்பிக் குடுத்தாச்சு. மறுநாள் காலைல புதுசுல புட்டியைத் திறந்தா லிஸ்ட்ல டீஃபால்ட் செட்டிங்ஸ்னு ஒரே ஒரு வரி. நாலு வருஷமா சேத்து வச்ச 43 செஷன், அதாவது எங்க கனெக்ட் பண்ணணும், எந்த செட்டிங்கோடனு சேவ் பண்ணது, எல்லாம் காணோம். ஓடிப்போய் கேட்டா பழைய மெஷினை ராத்திரியே ஃபார்மேட் பண்ணிட்டாங்களாம். அவங்களைச் சொல்லி என்ன பண்றது, எக்ஸிஇ ஃபைலை காப்பி பண்ணா செஷனும் கூடவே வந்துடும்னு நினைச்சது நான்தான்.

அந்த எரிச்சல்ல ஒரு வாரம் தலைப்புல இருக்கற நாலு ஆப்ஷனையும் மாத்தி மாத்தி போட்டுப் பாத்தேன். எது அழகா இருக்கு, எதுல டேப் இருக்குங்கறது எல்லாம் எனக்கு இப்ப முக்கியமில்ல. ரெண்டே கேள்விதான்: சேவ் பண்ணது எங்க போய் உக்காருது, ஒரு செட்டிங்கை மாத்தணும்னா எத்தனை இடத்துல கை வைக்கணும்.

முதல்ல புட்டி. இது விண்டோஸ்ல செஷனை எந்த ஃபைல்லயும் வைக்காது, விண்டோஸ் தன்னோட செட்டிங் எல்லாம் வைக்கற ரெஜிஸ்ட்ரில வைக்கும். கரண்ட் யூசர் பகுதில சாஃப்ட்வேர், அதுக்குள்ள எழுதினவர் பேர்லயே சைமன்டேதம், அதுக்குள்ள புட்டி, அதுக்குள்ள செஷன்ஸ். பேர்ல ஸ்பேஸ் இருந்தா அங்க %20னு மாறி நிக்கும். ரெஜ்எடிட்ல (ரெஜிஸ்ட்ரியைத் திறக்கற டூல்) அந்த கீயை (ரெஜிஸ்ட்ரில ஃபோல்டர் மாதிரி) எக்ஸ்போர்ட் பண்ணி வச்சா போதும், புது மெஷின்ல டபுள் கிளிக் பண்ணா வந்துடும். ஆனா நிறைய பேர் செஷன்ஸ் கீயை மட்டும் எடுப்பாங்க, சர்வரோட ஹோஸ்ட் கீ (இது அசல் சர்வர்தானானு சரிபாக்கற அடையாளம்) பக்கத்துல தனி கீயா இருக்கு, அதை விட்டுட்டா புது மெஷின்ல ஒவ்வொரு சர்வருக்கும் இதை நம்பலாமானு கேட்டுக்கிட்டே இருக்கும், நம்மளும் யோசிக்காம ஆமா ஆமானு தட்டுவோம், அந்தக் கேள்வி எதுக்கு இருக்கோ அதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். அதனால சைமன்டேதம் கீயையே மொத்தமா எடுங்க. இன்னொண்ணு, செஷனுக்குள்ள பிபிகே கீ ஃபைல் (பாஸ்வேர்டுக்கு பதிலா லாகின் பண்ற பிரைவேட் கீ) இருக்காது, அது எங்க இருக்குங்கற பாத் மட்டும்தான் இருக்கும். ஃபைலையும் அதே பாத்ல கொண்டுபோய் வைக்கணும்.

ரெண்டாவது கேள்விக்கு வந்தாதான் புட்டி படுத்தும். அதுல ஒவ்வொரு செஷனும் எல்லா செட்டிங்கோட முழு நகல். டீஃபால்ட் செட்டிங்ஸ்ல ஃபான்ட்டை மாத்தினா இனிமே புதுசா உருவாக்குறதுக்குத்தான் அது போய்ச் சேரும், ஏற்கனவே சேவ் பண்ண 43ம் பழைய ஃபான்ட்லயே நிக்கும். ஒண்ணொண்ணா லோட் பண்ணி, ஃபான்ட் பக்கம் போய் மாத்தி, திரும்ப மேல செஷன் பக்கத்துக்கு வந்து சேவ் அழுத்தணும், கடைசியா சேவ் பண்றதை மறந்துட்டு ஓப்பன் அழுத்தாதவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நான் பண்ற குறுக்கு வழி என்னன்னா, எக்ஸ்போர்ட் பண்ண ஃபைலை நோட்பேட்ல திறந்து ஃபைண்ட் ரீப்ளேஸ். உதாரணத்துக்கு ஸ்க்ரோல்பேக் (மேல நகத்திப் பாக்கற பழைய வரிகள்) டீஃபால்ட்டா 2000 வரிதான், அதை 10,000 ஆக்கணும்னா அந்த ஃபைல்ல நம்பர் எல்லாம் ஹெக்ஸ்ல (16ஐ அடிப்படையா வச்ச எண் முறை) இருக்கும், அதனால 00002710னு போடணும். அப்பறம் திரும்ப இம்போர்ட். ஒரே நிமிஷத்துல 43ம் மாறிடும். 10000னு அப்படியே அடிச்சீங்கன்னா அது 65,536 வரி ஆயிடும், பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல.

பாஸ்வேர்ட் சேவ் பண்ண புட்டி விடாது. அது குறை இல்ல, நல்லதுதான். அதுக்காகவே கிட்டினு புட்டியில இருந்து பிரிஞ்ச ஒண்ணு இருக்கு, அது பாஸ்வேர்டையும் வச்சுக்கும், இனி (.ini) செட்டிங்ஸ் ஃபைல்ல சேவ்மோட் டிர்னு ஒரு வரி போட்டா செஷனை ஃபோல்டர்லயும் வைக்கும். பென்டிரைவ்ல போட்டு சுத்துறவங்களுக்கு சரி, பாஸ்வேர்டை அதுல வைக்கறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

மோபாஎக்ஸ்டெர்ம் முதல் நாள் பாத்ததும் இதுதான்யா வேணும்னு தோணும். இடது பக்கம் ஃபோல்டர் ஃபோல்டரா செஷன், கனெக்ட் ஆனதும் பக்கத்துலயே எஸ்எஃப்டிபி, ஃபைலை இழுத்துப் போடலாம். செஷன் எல்லாம் மோபாஎக்ஸ்டெர்ம் இனி ஃபைல்ல இருக்கும், போர்ட்டபிள் எடிஷன்னா எக்ஸிஇ பக்கத்துலயே. நான் பண்ண மாதிரி ஃபோல்டரை காப்பி பண்ற ஆளுக்கு இதுதான் காப்பாத்தும். ஆனா ஃபைலைத் திறந்து பாருங்க, ஒரு செஷனுக்கு ஒரே வரி, அதுக்குள்ள ஐபி, போர்ட், யூசர் எல்லாம் சதவீதக் குறியால பிரிச்சு ஒரு நீளத்துக்குப் போகும், கையால எடிட் பண்ண துணிச்சல் வேணும். இலவச ஹோம் எடிஷன்ல 12 செஷன்தான் சேவ் பண்ண முடியும். எனக்கு அங்கேயே கதை முடிஞ்சுது. 12க்குள்ள அடங்குறவங்க தாராளமா எடுத்துக்கோங்க, ஆனா சேவ் பண்ண பாஸ்வேர்டை எல்லாம் பூட்டற மாஸ்டர் பாஸ்வேர்ட் கண்டிப்பா போடுங்க.

செக்யூர்சிஆர்டி காசு குடுத்து வாங்கறது, 30 நாள் ட்ரையல். நெட்வொர்க் டீம்ல இருக்கறவங்க இதை விட்டு நகரவே மாட்டாங்க, ஏன்னு இப்பதான் புரிஞ்சுது. ஒரு செஷனுக்கு ஒரு இனி ஃபைல், நீங்க உள்ள போடற ஃபோல்டர் அப்படியே டிஸ்க்லயும் ஃபோல்டர். கான்ஃபிக் பாத்தை எங்க வேணா மாத்திக்கலாம். டீஃபால்ட் செஷனை எடிட் பண்ணா, இதை மட்டும் மாத்தவா இல்ல எல்லா செஷனுக்கும் போடவானு ஒரு டயலாக் வந்து கேக்கும். புட்டில நான் நோட்பேட் வச்சு பண்ண வேலை இங்க ஒரு கிளிக். அந்த இனி ஃபைல்லயும் நம்பர் ஹெக்ஸ்தான், போர்ட்டுக்கு நேரா 00000016னு இருக்கேனு பயந்துடாதீங்க, அது நம்ம 22. எங்க டீம்ல ஒருத்தர் அதை தப்புனு நினைச்சு 22னு திருத்திட்டு, போர்ட் 34க்கு போய் முட்டிக்கிட்டு அரை மணி நேரம் ஃபயர்வால் டீமோட சண்டை போட்டார்.

கடைசியா ஓப்பன்எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக். யூசர் ஃபோல்டர்ல டாட் எஸ்எஸ்ஹெச், அதுக்குள்ள கான்ஃபிக்னு ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல். 2018ல இருந்து விண்டோஸ் 10லயே எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் கூடவே வருது, தனியா எதையும் போட வேண்டாம். ஹோஸ்ட்னு ஒரு பேர், அதுக்குக் கீழ ஹோஸ்ட்நேம், யூசர், கீ ஃபைல், அவ்வளவுதான். நட்சத்திரக் குறி போட்டு ஒரு குரூப்புக்கே செட்டிங் குடுக்கலாம், டிபின்னு (db) ஆரம்பிக்கற எல்லா சர்வருக்கும் ஒரே யூசர், நடுவுல ஒரு ஜம்ப் சர்வர் (அது வழியாத்தான் உள்ள போகணும்), எல்லாம் ரெண்டு வரி. ஒரு இடத்துல மாத்தினா எல்லாத்துலயும் மாறும், இது நகல் எடுக்கற விஷயமே இல்ல. பாஸ்வேர்டுக்கு இதுல இடமே கிடையாது, அதனால கிட்ல (git, ஃபைலோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேத்து வைக்கற டூல்) போட்டு வச்சுக்கவும் பயப்பட வேண்டாம், ஐபி எல்லாம் இருக்கும்ங்கறதால ரெப்போ (கிட்ல அந்த ஃபைல் இருக்கற இடம்) பிரைவேட்டா மட்டும் இருக்கட்டும்.

ஆனா இங்கயும் ரெண்டு இடத்துல தடுக்கி விழுந்தேன். முதல்ல நோட்பேட் சத்தமில்லாம டாட் டிஎக்ஸ்டி சேத்து சேவ் பண்ணிடுச்சு, எக்ஸ்ப்ளோரர்ல எக்ஸ்டென்ஷன் மறைஞ்சிருக்கறதால பாக்க கான்ஃபிக்னே தெரியுது, எஸ்எஸ்ஹெச் அதை கண்டுக்கவே இல்ல. அடுத்தது, இந்த ஃபைல்ல ஒரு செட்டிங்குக்கு முதல்ல எது கிடைக்குதோ அதுதான் செல்லும், பின்னாடி வர்றது முன்னாடி உள்ளதை மாத்தாது. நான் பொதுவான நட்சத்திர பிளாக்கை வழக்கம்போல மேல வச்சு அதுல யூசரையும் போட்டுட்டேன், கீழ தனித்தனியா குடுத்த யூசர் எதுவுமே எடுக்கல. பொதுவானது கடைசிலதான் இருக்கணும். சந்தேகம் வந்தா எஸ்எஸ்ஹெச் கமாண்டோட பெரிய ஜி ஆப்ஷன் போட்டு ஹோஸ்ட் பேரைக் குடுங்க, கனெக்ட் பண்ணாமலே கடைசில என்ன செட்டிங் எடுத்துக்குதுனு முழுசா காட்டிடும்.

இதுல இல்லாதது ஒண்ணே ஒண்ணு, கலர். புட்டில புரொடக்‌ஷன் செஷனுக்கு எல்லாம் பேக்ரவுண்டை கருஞ்சிவப்பா வச்சிருந்தேன், தப்பான விண்டோல டெலீட் அடிக்காம இருக்க அதுதான் வேலி. எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்குக்கு கலர்னா என்னன்னே தெரியாது. அதுக்கு விண்டோஸ் டெர்மினல்ல புரொடக்‌ஷனுக்கு மட்டும் தனி புரொஃபைல், டேப் கலர் சிவப்பு, கமாண்ட் லைன்ல எஸ்எஸ்ஹெச்சும் அந்த ஹோஸ்ட் பேரும். அதோட செட்டிங்ஸும் ஜேசான்ங்கற (JSON) டெக்ஸ்ட் ஃபைல்தான், டீஃபால்ட்ஸ்ல ஃபான்ட்டை ஒரு தடவை போட்டா எல்லா புரொஃபைலுக்கும் போயிடும். எங்க போகணும்ங்கறது ஒரு ஃபைல்ல, எப்படித் தெரியணும்ங்கறது இன்னொரு ஃபைல்ல. நாளைக்கு டெர்மினலையே மாத்தினாலும் சர்வர் லிஸ்ட் அப்படியே இருக்கும், மத்த மூணுலயும் இந்த ரெண்டும் ஒண்ணா பின்னிக்கிடக்கு.

அதனால நான் இங்கதான் வந்து உக்காந்திருக்கேன். புட்டியை முழுசா விடல, நெட்வொர்க் சுவிட்ச்ல நீல கேபிளைச் சொருகி 9600 ஸ்பீடுல கன்சோல் (சுவிட்சோட நேரா பேசற ஸ்கிரீன்) பாக்க அதுதான் கைக்கு வருது, அதுக்கான மூணு செஷனையும் வாரா வாரம் எக்ஸ்போர்ட் பண்ண ஒரு பேட்ச் ஃபைல் போட்டு வச்சிருக்கேன். மீதி 40 சர்வர்ல 35ஐ பழைய மெயில், டிக்கெட், ஞாபகம்னு தோண்டி எடுத்தாச்சு, கான்ஃபிக் ஃபைல் மொத்தமே 90 வரிகூட வரல. அந்த அஞ்சு என்ன சர்வர்னு இன்னும் தெரியல. ஒரு மாசமாச்சு, யாரும் வந்து கேக்கவும் இல்ல.