புரட்டாசியில் வந்த மக்கரோன்

ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு பெட்டி மக்கரோன் வாங்கிவிடுவேன், இரண்டு மெல்லிய ஓடுகளுக்கு நடுவே கிரீம் வைத்த பிரெஞ்சு இனிப்பு. இந்த முறை பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே நேரம் போய்விட்டது. வெறுங்கையோடு பெங்களூரு வந்து இறங்கினேன். அல்சூரில் அக்கா வீடு. என் பெட்டியைக் குடைந்து பார்த்த அக்கா மகள், "பரவாயில்லை சித்தி, இங்கேயே நல்லா கிடைக்கும்" என்று பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொன்னாள்.

கடை இந்திராநகரில். மெட்ரோவில் அடுத்த நிறுத்தம்தான், ஆனால் யார் எழுந்து போவது? போனில் ஆர்டர் போட்டோம். என் பிரெஞ்சு கார்டை அந்தச் செயலி மூன்று தடவை திருப்பி அனுப்பியது. கடைசியில் அத்தான்தான் யுபிஐயில் கட்டினார். 12 மக்கரோன் 1,080 ரூபாய். பாரிஸில் பேர்போன கடைகளில் ஒன்றே இரண்டு யூரோவைத் தாண்டும் என்பதால் எனக்கு மலிவு. அம்மா மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டு, "ஒண்ணு தொண்ணூறு ரூவாயா!" என்றாள்.

நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. திறந்தால் ஐந்து நொறுங்கிக் கிடந்தன. கொண்டுவந்த பையனைக் குறை சொல்ல முடியாது. மக்கரோனின் மேலோடு அப்பளத்தைவிட மெல்லியது, இந்த ஊர்ச் சாலையில் எத்தனை வேகத்தடைகள்! அக்கா கடைக்குப் போன் போட்டாள். கன்னடத்தில் ஆரம்பித்த பெண், அக்காவின் கன்னடத்தைக் கேட்டதும் தானாகவே தமிழுக்கு மாறிவிட்டாள். போட்டோ மட்டும் அனுப்பச் சொன்னாள். உடைந்த ஐந்துக்குப் பதில் வேறு தருகிறோம், நேரில் வந்தால் முழுசாகவே கொண்டுபோகலாம் என்றாள். மின்னஞ்சல் எழுதிவிட்டு ஒரு வாரம் காத்திருந்து பழகிய எனக்கு இது புதுசு.

மறுநாள் சாயங்காலம் நானே போனேன். கூடுதலாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது, அம்மாவுக்காக. புரட்டாசி என்பதால் அவளுக்கு முட்டை ஆகாது. மக்கரோனோ பாதாம் மாவு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு என்ற மூன்றில் நிற்கிற பண்டம். நம் நாட்டு லேபிள் விதிப்படி முட்டை சேர்ந்தாலே பச்சைப் புள்ளி கிடையாது, பழுப்பு முக்கோணம்தான். கல்லாவில் இருந்த பெண் பச்சைப் புள்ளி போட்ட பெட்டியை எடுத்துக் காட்டினாள். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்க அடித்துச் செய்கிறார்களாம்.

அவள் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். "இன்னைக்குப் போட்டது மேடம், இப்போ சாப்பிடாதீங்க. ராத்திரி ஃப்ரிட்ஜில் வைங்க, நாளைக்குச் சாப்பிடறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி வெளியே எடுங்க." விற்கிறவர்களே இன்று சாப்பிடாதே என்பது அபூர்வம். விஷயம் உண்மைதான். நடுவில் இருக்கும் கிரீமின் ஈரம் மேலோட்டுக்குள் இறங்க ஒரு நாள் பிடிக்கும். அதன்பின்தான் மேலே மொறுமொறுப்பும் உள்ளே இழுவையும் சேர்ந்து வரும். பதினோரு வருஷமாக பாரிஸில் இருக்கிறேன், எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. வீட்டில் என்னமோ என்னை மக்கரோன் நிபுணர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காத்திருந்தோம். முட்டை போட்டதில் பிஸ்தா அருமை. அடியில் சரிகை மாதிரி ஓடும் அந்த விளிம்புகூடச் சரியாக எழும்பியிருந்தது. ரோஜா வாசனை போட்டது சோப்பைக் கடித்த மாதிரி. முட்டை இல்லாதது கொஞ்சம் அதிகமாக நமத்திருந்தது, ஆனால் கடலை வாசம் துளிகூட இல்லை.

அம்மாவிடம் கடலைத் தண்ணீர் கதையைச் சொன்னேன். "நாம கீழ கொட்டுற தண்ணியாட்டி?" என்று பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஒன்றை வாயில் போட்டு மெதுவாகக் கரைத்தாள். தூத்துக்குடிக்காரி. முந்திரியும் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் கூம்பு கூம்பாகச் சுட்ட மக்ரூன் தின்று வளர்ந்தவள். "நம்ம மக்ரூன் வாயில வச்சதும் காணாமப் போயிரும். இது கொஞ்சம் பேசிட்டுத்தான் போவுது."

மூன்றாவதை எடுக்கும்போது அக்காவைக் கூப்பிட்டாள். "அந்த முட்டை போட்டதுல பச்சை ரெண்ட ஃப்ரீசர்ல வையி. ஐப்பசி பிறக்கட்டும்."